ரேந்தை நூலால் அடிமைத் தளை அறுத்த மால்ட் அம்மையார்

டாக்டர் கால்டுவெல் பெயரைக் கேள்விப்படாத தமிழர் இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட அறிஞர் அவர். அவருடைய மாமியார்தான் மார்த்தா மால்ட் அம்மையார். ஆனால் குமரி மாவட்டத்தில் அம்மையாருக்குப் பெயர் வந்தது மருமகனால் அல்ல, ரேந்தையால். லேஸ் என்று இன்று நாம் சொல்லும் பின்னல் வேலைக்குத்தான் ரேந்தை என்று பெயர்.

1794-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் மார்த்தா. சார்லஸ் மால்ட் என்ற பாதிரியாரை மணந்து, அவருடன் கப்பல் ஏறினார். லண்டன் மிஷன் சங்கம் அவர்களை அனுப்பியது. 1819 டிசம்பரில் இருவரும் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள்.

ஒரே சமஸ்தானம்

அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மால்ட் தம்பதி வந்த காலத்தில் கல்லாற்று மலைப்பக்கத்துக்கும் நாகர்கோவில் வயற்காட்டுக்கும் ராஜா ஒருவர்தான், சட்டமும் ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தில் மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்க இடம் இருந்தது. புலையர், பறையர் குடும்பங்கள் பல நிலத்தோடு நிலமாகக் கைமாறின. 1812-ல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார். வயல் வேலைக்கு என்று நிலத்தோடு கட்டப்பட்டிருந்தவர்களை அந்தத் தடை காப்பாற்றவில்லை. அடிமைகள் அல்லாத நாடார் குடும்பங்களுக்கும் கூலி இல்லாத ஊழிய வேலை, தலைவரி என்று பல சுமைகள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை போடுவதற்கும் தடை.

இந்த ஊரில்தான் அம்மையார் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்த முனைந்தார். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பெற்றவர்களே கேட்ட காலம் அது. அடிமைக் குடும்பத்துப் பெண் என்றால் எஜமானின் கேள்வியும் சேர்ந்துகொள்ளும். சாப்பாடு போட்டுத் தங்கவைத்துப் படிக்க வைப்பதுதான் வழி. அதற்குப் பணம் வேண்டும். பிள்ளைகள் கையில் ஒரு தொழிலும் வேண்டும்.

திண்டும் பாபினும்

1820-களின் தொடக்கத்தில் அம்மையார் அந்தப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார். இதற்குப் பெரிய முதல் வேண்டாம். ஒரு திண்டு, குண்டூசிகள், நல்ல நூல், மரத்தில் கடைந்த பாபின்கள், இவ்வளவுதான். பூ வேலையின் மாதிரியைத் துளைகளாகக் குத்திய அட்டையைத் திண்டின் மேல் வைப்பார்கள். நூல் சுற்றிய பாபின்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிப் போட்டு, முறுக்கி, துளைக்கு ஓர் ஊசி குத்தி நூலை நிறுத்தி, மேலே போக வேண்டும். ஒரு பாபின் இடம் தவறினால் பூ கெட்டுவிடும். அவிழ்த்துத்தான் பின்ன வேண்டும். கண்ணுக்கும் கழுத்துக்கும் கடுமையான வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அன்றைய பின்னல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் அந்தச் சமயம் இதே தொழில் நசியத் தொடங்கியிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1809-ல் பேடன்ட் வாங்கிய வலை பின்னும் யந்திரம், கிராமத்துப் பெண்களின் கூலியைத் தின்னத் தொடங்கியது. 1816-ல் ஆத்திரக்காரக் கூட்டம் ஒன்று அவருடைய ஆலைக்குள் புகுந்து யந்திரங்களை உடைத்ததும் உண்டு. அங்கே அடிபட்டுக்கொண்டிருந்த கைத்தொழில் இங்கே நாகர்கோவிலில் வேர் விட்டது.

பின்னிய ரேந்தையை உள்ளூரில் வாங்க ஆளில்லை. இந்த நாட்டில் இருந்த வெள்ளைக்கார துரைசானிகள் வாங்கினார்கள். மிஷனுக்கு வேண்டியவர்கள் மூலம் இங்கிலாந்துக்கும் போனது. விற்ற பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. பின்னிய பெண்ணுக்குக் கூலியும் கிடைத்தது.

கூலிப் பணம் செய்த காரியம்

அந்தக் கூலியில்தான் விஷயமே இருக்கிறது. அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்து, எஜமானுக்கு விலை கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் பிரகடனம் வந்தது 1855-ல். அதற்கு முன்பே தன் விலையைத் தானே கொடுத்து வெளியே வந்தவர்கள் இவர்கள். 1847-ல் பாதிரிமார்கள் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்துக் கேட்ட விடுதலையை, இந்தப் பெண்கள் திண்டின் முன் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டார்கள்.

மேலாடைத் தகராறு மட்டும் ரேந்தையால் தீரவில்லை. கலகம் பல முறை மூண்டது. 1859-ல் வந்த பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று அதிலும் ஒரு கொக்கி!

கடல் கடந்த ஏழைப் பெண்ணின் கைவேலையை விலை கொடுத்து வாங்கி அவள் வாழ்வுக்கு உதவுவது புதிய ஏற்பாடு போல இன்று பேசப்படுகிறது. அமெரிக்காவில் எட்னா ரூத் பைலர் என்ற பெண்மணி, போர்ட்டோ ரீகோ தீவுப் பெண்களின் தையல் வேலையைக் கொண்டுபோய் விற்கத் தொடங்கியது 1946-ல். மால்ட் அம்மையார் இதைச் செய்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால்.

ஆனால் வெளிநாட்டுக்காரர் வாங்கினாலே பின்னுகிறவள் பிழைத்துவிடுவாள் என்று எண்ண வேண்டாம். ஆந்திராவில் நரசாபுரத்திலும் பாதிரிமார்கள் மூலம்தான் லேஸ் வேலை வந்தது. பிறகு அது வியாபாரிகள் கைக்குப் போயிற்று. மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அங்கே ஆராய்ந்து 1982-ல் புத்தகம் எழுதினார். ஏற்றுமதியில் பணம் குவிந்தது. பின்னிய பெண்களோ தொழிலாளிகளாகவே கணக்கில் வரவில்லை. வீட்டில் சும்மா இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொல்லி அற்பக் கூலி கொடுக்கப்பட்டது. கல்லாற்றுக்கு மேலே பொன்முடித் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தமிழ்ப் பெண்களுக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதி அல்ல. தேயிலையும் தூர தேசத்துக் கோப்பைக்குப் போகிற சரக்குதான்.

மகள் எலைசா

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1822-ல் பிறந்தார். நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1844-ல் கால்டுவெல்லை மணந்து, நெல்லைச் சீமையின் தேரிக்காட்டில் உள்ள இடையன்குடிக்குப் போனார். அங்கும் பெண்களுக்குப் பள்ளி ஏற்படுத்தினார். தாயிடம் கற்ற ரேந்தையை அந்த ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இடையன்குடி லேஸ் என்று அதற்குத் தனிப் பெயரே வந்தது.

மால்ட் தம்பதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாகர்கோவிலில் உழைத்துவிட்டு, 1850-களில் தாயகம் திரும்பினார்கள். கணவர் 1858-ல் இறந்தார். அம்மையார் 1870 வரை இருந்தார். மகள் எலைசா தாயகம் திரும்பித் தங்கவில்லை. 1891-ல் கணவரை இழந்த பிறகும் இந்த மண்ணிலேயே இருந்து 1899-ல் காலமானார்.