சாமுண்டராயர்: மலையளவு அறமும் கையளவு பாலும்

கங்க மன்னர்களின் அவையில் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய சாமுண்டராயர், சமண உலகம் என்றும் நன்றியோடு நினைக்கும் சிராவகர்களுள் ஒருவர். 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், மாரசிம்மன், நான்காம் இராசமல்லன் ஆகிய இரு வேந்தர்க்கும் பணிபுரிந்தார். வாளேந்திய அவரது கை எழுத்தாணியையும் ஏந்தியது. அறுபத்துமூன்று மகாபுருடர்களின் வரலாற்றைக் கி.பி. 978-இல் கன்னட உரைநடையில் இயற்றினார். இல்லறத்தார்க்கும் துறவியர்க்கும் உரிய ஒழுக்கங்களை விளக்கும் சாரித்திரசாரம் என்னும் வடமொழி நூலும் அவருடையதே. அசிதசேனரும் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியும் அவர்தம் ஆசான்கள்.

அவர் பெயரை நிலைபெறச் செய்தது சிரவணபெளகொளாவின் பெரிய மலைமீது நிற்கும் பாகுபலி திருமேனி. பௌதனபுரத்துப் பாகுபலியைக் காண விழைந்த தம் அன்னை காளலாதேவிக்காகவே அவர் பயணம் புறப்பட்டார் என்பது மரபு. அப்பயணம் இம்மலையில் முடிந்தது. ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள திருமேனி ஒரே பாறையில் செதுக்கப்பெற்று, கி.பி. 981 அளவில் நிறுவப்பெற்றது. அதைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்னும் செய்தி, திருவடியருகே தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

முதல் அபிஷேகம் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. இத்தகைய பேரறத்தை ஆற்றியவர் தாமே என்னும் செருக்கு சாமுண்டராயரின் உள்ளத்தில் முளைத்ததாம். குடம் குடமாகப் பால் சொரிந்தும் அது திருமேனி முழுவதையும் நனைக்கவில்லை. அப்போது ஏழைப் பாட்டி ஒருத்தி, குள்ளகாய் என்னும் சிறு காயின் ஓட்டில் சிறிது பாலோடு வந்து நின்றாள். அவளை எவரும் பொருட்படுத்தவில்லை. இறுதியில் இசைவு பெற்று அவள் சொரிந்த பால் திருமுடியிலிருந்து திருவடிவரை வழிந்து, மலையடியிலும் பெருகியது. சாமுண்டராயர் தம் பிழையை உணர்ந்தார். குள்ளகாயஜ்ஜி எனப்படும் அப்பாட்டியின் உருவம், இன்றும் பெருமானை நோக்கியவாறு வாயிலுக்கு எதிரே நிற்கிறது. வந்தவள் கூஷ்மாண்டினி இயக்கியே என்பாரும் உளர்.

பாட்டியின் பால் அச்சிலையைச் செதுக்கவில்லை. சிற்பியர்க்குக் கூலியும் கொடுக்கவில்லை. சாமுண்டராயரின் பெருஞ்செல்வமின்றி அத்திருப்பணி நிறைவேறியிராது. எனில், அந்தக் கையளவு பாலுக்கு என்ன வேலை?

அதற்குரிய விடையை அம்மலையின் கல்வெட்டுகளிலேயே காணலாம். நாள்தோறும் நடக்கும் அபிஷேகத்துக்குப் பாலும் பூசைக்கு மலரும் வேண்டும். இவற்றுக்காக எளிய குடிமக்களும் வணிகரும் சில பொற்காசுகளை முதலாக வைத்ததை 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. முதல் அப்படியே இருக்க, வட்டியிலிருந்து பால் வந்தது. சிலையை ஒருவர் ஒரே முறை நிறுவினார். வழிபாட்டையோ பலர் பலகாலம் நடத்தினர். ஒருவர் கொடையை மட்டுமே நம்பிய அறம் அவரோடு தளர்ந்துவிடும். பலர் கைபட்ட அறத்தை ஒருவர் விட்டாலும் மற்றொருவர் தாங்குவார்.

அதே மலையில் தியாகத கம்பம் என்னும் தூண் உள்ளது. சாமுண்டராயர் அங்கிருந்தே கொடை வழங்கினார் என்பர். அவரது புகழைக் கூறிய நீண்ட கல்வெட்டு அத்தூணில் இருந்தது. பிற்காலத்தில் கண்ணன் என்னும் அதிகாரி தன் செய்தியைச் சில வரிகளில் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதியைச் செதுக்கி அழித்துவிட்டான். கல்லில் வெட்டிய புகழும் நிலையன்று. பெயர் பொறிக்க வேண்டாத பாட்டியோ மக்கள் நினைவில் நிற்கிறாள்.

தத்துவார்த்த சூத்திரம் தானத்தின் சிறப்பைக் கொடுக்கும் முறை, பொருள், கொடுப்போர், பெறுவோர் என்னும் நான்கினைக் கொண்டு உரைக்கிறது. தொகையின் பெருமை அவற்றுள் தனியே எண்ணப்படவில்லை. தானம் என்பது பற்றினைக் குறைக்கும் பயிற்சி. செல்வர் ஒருவர் கொடுத்துவிட்டார் என்பதால் மற்றவர்தம் பற்று குறைந்துவிடாது. அவரவர் கையால் அவரவரே விட வேண்டும்.

சாமுண்டராயரின் உண்மைப் பெருமை மலையைச் சிலையாக்கியதில் மட்டும் இல்லை. தம் கொடைக்கு முன்னே ஒரு சிறு கொடைக்கும் இடம் உண்டென்று ஏற்று, அப்பாட்டியை வாயிலில் நிறுத்தியதிலும் உள்ளது. பெருங்கொடையாளர் நிறைந்த ஊரிலும் திருப்பணி உண்டியலில் விழும் ஒரு சிறு காசு வீணாவதில்லை என்பதற்கு அவ்வாயிலே சான்று.