அடிமைகளின் ஊழியர் புனித பீட்டர் கிளேவர்

தென் அமெரிக்காவின் வடகோடியில், கரீபியன் கடலோரத்தில், கார்த்தகேனா என்றொரு துறைமுக நகரம் உண்டு. இன்று கொலம்பியா நாட்டைச் சேர்ந்த இந்நகரம் பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பானிய மன்னரின் ஆளுகையில் இருந்தது. புதிய உலகின் பொன்னையும் வெள்ளியையும் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் இங்கே கூடும். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றி வரும் கப்பல்களும் இங்கேதான் நங்கூரம் பாய்ச்சும். அந்நாட்டின் பூர்வகுடிகளில் பெரும்பகுதியினர் அம்மை முதலிய நோய்களாலும் கடும் உழைப்பாலும் மாண்டுபோயினர். சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் அவர்கள் இடத்தை நிரப்ப, அங்கோலாவிலிருந்தும் கினிக் கரையிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டு வந்தனர்.

வியாபாரிகளின் கணக்கில் இவர்கள் ஆட்கள் அல்லர், உருப்படிகள். திடகாத்திரமான ஒருவர் ஓர் உருப்படி. சிறுவரும் முதியவரும் உருப்படியில் ஒரு பங்காகக் கணக்கில் ஏறினர். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக அவர்கள் உடலிலே சூட்டுக்கோல் முத்திரை பதித்தார்கள். இதெல்லாம் மறைவில் நடந்த குற்றமல்ல. சட்டப்படி, மன்னரின் உரிமச் சீட்டுடன், ஞாயிறு பூசைக்குச் செல்லும் கிறிஸ்தவர்கள் பகலிலே நடத்திய தொழில். இதை மனதில் கொண்டுதான் புனித பீட்டர் கிளேவரின் வாழ்க்கையை நாம் படிக்க வேண்டும். இல்லையேல் அவர் செய்தது வெறும் தருமம் என்று தோன்றிவிடும்.

ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில், வெர்து என்ற சிற்றூரில், ஏறத்தாழ 1580-ம் ஆண்டில் விவசாயக் குடும்பமொன்றில் கிளேவர் பிறந்தார். பார்சலோனாவில் படித்து, 1602-ல் சேசு சபையில் சேர்ந்தார். பின்னர் மயோர்க்கா தீவிலிருந்த சபைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அவர் வாழ்வைத் திருப்பியவர் அக்கல்லூரியின் பேராசிரியர் எவரும் அல்லர். வாயிற்கதவைத் திறந்து மூடும் பணியிலிருந்த முதிய சகோதரர் அல்போன்ஸ் ரொட்ரிகஸ். கம்பளி வியாபாரம் செய்து நொடித்து, மனைவியையும் மக்களையும் இழந்தபின் துறவறம் பூண்டவர் அவர். கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரையும் ஆண்டவரே வந்தாற்போல் வரவேற்பது அவர் வழக்கம். மாலை வேளைகளில் இளைஞர் கிளேவர் இவரோடு உரையாடுவார். கடல் கடந்து போகும்படி அவரைத் தூண்டியவரும் இவரே. 1610-ல் கிளேவர் கப்பலேறினார். மீண்டும் தாய்நாடு திரும்பவே இல்லை. பொகோட்டாவில் படிப்பை முடித்து, 1616-ல் கார்த்தகேனாவில் குருப்பட்டம் பெற்றார்.

அங்கே அவருக்கு முன்னோடியாக இருந்தவர் அலோன்சோ தெ சந்தோவால் என்ற சேசு சபைக் குரு. அடிமைகளின் நாடுகள், மொழிகள், பழக்கவழக்கங்கள் யாவற்றையும் விசாரித்தறிந்து, 1627-ல் செவில் நகரில் ஒரு நூலாகவே வெளியிட்டவர் அவர். கிளேவர் அவரிடம் பணி கற்றார். ஆனால் குருவை மிஞ்சிய சீடரானார்.

அடிமைக் கப்பலொன்று துறைமுகத்துக்கு வருகிறதென்று யார் முதலில் வந்து சொல்கிறாரோ, அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதாக வாக்களித்து வைத்திருந்தார் கிளேவர். செய்தி வந்ததும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடையில் என்ன இருக்கும்? ஆரஞ்சு, எலுமிச்சை, வாழைப்பழம், ரொட்டி, கொஞ்சம் பிராந்தி, புகையிலை. இவை வீடு வீடாகக் கேட்டு வாங்கியவை. படகேறிக் கப்பலின் அடித்தளத்தில் இறங்குவார். வாரக் கணக்கில் வெளிச்சமும் காற்றும் இன்றி நூற்றுக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்த இடம் அது. அந்த நாற்றத்தில் மற்றவர்கள் மயங்கி விழுந்ததுண்டு. கிளேவர் முதலில் சாகக் கிடப்பவர்களிடம் போவார். புண்ணைக் கழுவுவார், வியர்வையைத் துடைப்பார், தண்ணீர் புகட்டுவார். தங்களைத் தின்பதற்காகவே வெள்ளையர் கொண்டுபோகிறார்கள் என்று அம்மக்களில் பலர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படியல்ல என்று அவரவர் மொழியில் மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொல்வார்கள். மறைக்கல்வி, ஞானஸ்நானம் எல்லாம் இதற்குப் பிறகுதான். முதலில் பழம், பிறகு பாடம் என்ற இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

அவருடைய மேலங்கியின் கதை நகர் முழுவதும் தெரிந்தது. நோயாளிக்குப் போர்வை, புண்ணாளிக்கு விரிப்பு, இறந்தவர்க்கு மூடுதுணி எல்லாம் அதுவே. ஒரே நாளில் பலமுறை அதைத் துவைக்க வேண்டியிருந்ததாம்.

கப்பலில் அவர் செய்ததைப் பற்றி நகரப் பெரியவர்களுக்கு அவ்வளவு ஆட்சேபம் இல்லை. நோயாளி பிழைத்தால் விலைக்குப் போவான். வியாபாரிக்கு அது லாபமும்கூட. சங்கடம் கோயிலுக்குள்ளே வந்தபோதுதான் தொடங்கிற்று. கிளேவரின் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அடிமைகளுக்கே முதலிடம். பிரபுக்களும் சீமாட்டிகளும் அவர்கள் எல்லாரும் முடிந்தபின் வரலாம். அல்லது நகரில் வேறு குருக்கள் பலர் உண்டே என்று பணிவோடு சொல்லிவிடுவார். பட்டுடுத்திய பெண்கள், அடிமைகள் வந்துபோன இடத்தில் தாங்கள் முழந்தாளிட முடியாதென்றனர். ஆன்மா உண்டோ இல்லையோ என்று சந்தேகிக்கத்தக்கவர்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கி அவற்றை அவமதிக்கிறார் என்று மேலிடத்துக்குப் புகார்கள் போயின. சபைத் தலைவர்களே அவரைக் கடிந்துகொண்டதுண்டு. அவர் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. தண்டனையை ஏற்றுக்கொண்டு, மறுநாளும் அதே வரிசையில் அதே ஆட்களை உட்கார வைத்தார்.

கோயிலில் எவர் முன்னே, எவர் பின்னே என்பது சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம் இருக்கமாட்டார்கள். கார்த்தகேனா மக்களுக்கும் அது நன்றாகவே புரிந்தது. உருப்படியென்று சட்டம் சொன்னவரை முதலில் அழைத்து உட்கார வைத்துவிட்டால், அந்தச் சட்டத்துக்குக் கோயிலுக்குள் இடமில்லை என்றாகிறது. கண்டனத் தீர்மானம் ஒன்றும் எழுதாமல் அவர் எழுப்பிய கண்டனம் இது.

1622-ல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, ஆப்பிரிக்க மக்களுக்கு என்றென்றும் அடிமை எனத் தம் பெயரோடு லத்தீனில் சேர்த்துக் கையொப்பமிட்டார். சபையின் பதிவேட்டில் அவரைப் பற்றி மேலதிகாரிகள் எழுதி வைத்த குறிப்பும் இருக்கிறது. அறிவு சுமார், விவேகம் குறைவு என்று அது மதிப்பிடுகிறது! அடிமை வியாபாரம் செழித்த ஊரிலே விவேகம் என்று எதைச் சொன்னார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அடிமை வியாபாரமே பாவம் என்று கிளேவர் பீடத்தில் நின்று பிரசங்கிக்கவில்லை. அவருக்கு மொழிபெயர்த்து உதவியவர்களும் கல்லூரி விலைக்கு வாங்கிய அடிமைகளே. அவர்கள் நோயுற்றால் தம் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார் என்பது உண்மைதான். ஆனாலும் அவர்கள் அடிமைகளாகவே இருந்தனர். அவர் இறந்து ஒரு தலைமுறை கழிந்தபின், 1681-ல், ஹவானா நகரில் பிரான்சிஸ்கோ ஹோசே தெ ஹாக்கா, எப்பிஃபானியோ தெ முவாரான் என்ற கப்புச்சின் குருக்கள் இருவர், அடிமைகளை விடுவிக்காத எசமானர்களுக்குப் பாவமன்னிப்பு இல்லையென்று துணிந்து அறிவித்துச் சிறைப்பட்டனர். அந்தக் குரலை நாம் கிளேவரிடம் கேட்பதில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது புனிதருக்குப் பெருமையாகாது.

ஈஸ்டர் முடிந்ததும் நாட்டுப்புறத் தோட்டங்களுக்குப் போவார். தாம் முன்பு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள், எசமானர் எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பார். பெரிய வீட்டில் தங்க அழைத்தால் மறுத்து, அடிமைகளின் குடிசையிலே படுத்துக்கொள்வார். புனித லாசர் தொழுநோய் இல்லம், நகரச் சிறை, தூக்குமேடைக்குப் போகும் கைதிகள், பிடிபட்ட ஆங்கிலேயப் புராட்டஸ்டாண்டு மாலுமிகள் என்று அவர் கால் போகாத இடமில்லை.

1650-ல் கார்த்தகேனாவில் கொள்ளைநோய் பரவிற்று. கிளேவர் பிழைத்தார், ஆனால் கைகால் நடுங்கி, படுக்கையோடு ஒடுங்கினார். நான்கு ஆண்டுகள் ஓர் அறையில் மறக்கப்பட்டுக் கிடந்தார். பணிவிடைக்கு விடப்பட்ட கறுப்பின இளைஞன் அவரை முரட்டுத்தனமாகக் கையாண்டான். உணவில் நல்லதைத் தானே தின்றுவிடுவான். அவ்விளைஞனைத் திட்டாமல் எழுதியவர்கள் குறைவு. ஆனால் அவன் அங்கே எப்படி வந்து சேர்ந்தான் என்று நினைத்தால் நமக்கு அவ்வளவு எளிதாகக் கோபம் வருவதில்லை. கிளேவரும் அவன்மீது குறை சொன்னதில்லை.

1654 செப்டம்பர் 8-ம் நாள், தேவமாதாவின் பிறந்தநாளன்று, அவர் உயிர் பிரிந்தது. சாகப்போகிறார் என்ற செய்தி பரவியதுமே நகரம் விழித்துக்கொண்டது. கூட்டம் அறைக்குள் புகுந்து, புனிதப் பொருளாக வைத்துக்கொள்ள அகப்பட்டதையெல்லாம் எடுத்துச் சென்றது. அவரைப் பழித்த அதிகாரிகளே நகரச் செலவில் ஆடம்பரமாக அடக்கம் செய்தனர். கறுப்பின மக்களும் பூர்வகுடிகளும் தனியே ஒரு பூசை வைத்து, ஸ்பானிய அதிகாரிகளை அதற்கு விருந்தினராக அழைத்தனர்.

சில ஆண்டுகளில் அவருடைய புனிதத்துவம் பற்றிய விசாரணை தொடங்கிற்று. அங்கோலாவில் பிறந்த ஆந்திரேஸ் சக்காபுச்சே முதலிய மொழிபெயர்ப்பாளர்கள் விசாரணை மன்றத்தின் முன் சாட்சிகளாக நின்று, கப்பலின் அடித்தளத்தில் கண்டதைச் சொன்னார்கள். கிளேவரைப் பற்றி நாம் இன்று அறிவதில் பெரும்பகுதி அந்த வாய்களிலிருந்து வந்தது.

கொலம்பியாவில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1851-ல் இயற்றப்பட்டது. 1888 ஜனவரியில் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பு கிளேவரைப் புனிதராக உயர்த்தினார். அதே நாளில் அந்த வாயிற்காப்பாளர் அல்போன்ஸ் ரொட்ரிகஸும் புனிதரானார். அவ்வாண்டு மே மாதத்தில் பிரேசில் நாடும் தன் அடிமைகளை விடுவித்தது. கிளேவரின் எலும்புகள் கார்த்தகேனாவில், அவர் பெயரைத் தாங்கிய கோயிலின் பெரிய பீடத்தின்கீழ் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கின்றன. கோயிலை ஒட்டியே அவர் வாழ்ந்த பழைய கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் வாழ்ந்ததும் அங்கேதான்.