தரையிலே போர் நடத்திய எழுத்தாளர்

கால இயந்திரத்தையும் செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பையும் கற்பனை செய்த எச். ஜி. வெல்ஸை நம் மாணவர் நன்கறிவர். பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து நண்பரோடு போராடிய வெல்ஸை அறிந்தோர் சிலரே. அம்மேதையின் வாழ்வில் இருந்த பெரும் முரண்பாட்டை விளங்கிக்கொள்ள இந்த விளையாட்டே துணைசெய்கின்றது என்பது என் எண்ணம்.

1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள், இலண்டனை அடுத்த புரொம்லியில் அவர் பிறந்தார். தந்தையார் சிறு கடைக்காரர்; கிரிக்கெட் ஆட்டக்காரருங்கூட. தாயார் செல்வர் மாளிகைகளிற் பணிபுரிந்தவர். 1874இல் கால் முறிந்து படுக்கையிற் கிடந்தபோது சிறுவனுக்கு நூல்களே துணையாயின. சில ஆண்டுகள் கழிந்தபின், மாட்டின்ஸ் ஹில் என்னும் குன்றருகே தனியே உலாவுகையில், தன்னைக் குரொம்வெல்லாகவும் நெப்போலியனாகவும் பாவித்து, பிறர் கண்ணுக்குப் புலப்படாத சேனைகளை அவன் நடத்துவான். 1934இல் வெளிவந்த தன்வரலாற்றில் வெல்ஸ் இதனை நாணமின்றிக் கூறியுள்ளார். வறுமை அச்சிறுவனைத் துணிக்கடையில் வேலை பழக அனுப்பிற்று. புலமைப்பரிசில் அவனை மீட்டு, 1884இல் இலண்டனிலே ஹக்ஸ்லியின் மாணவனாக்கிற்று.

புகழ் பெற்றபின்பும் அந்தக் குன்றின் சேனைகள் கலைந்துவிடவில்லை. சான்ட்கேட் என்னும் கடற்கரை ஊரில் ஒருநாள் பகலுணவுக்குப் பின், நண்பரொருவர் விளையாட்டுப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய் ஒன்றைக் குறிவைத்தார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோமே அவரென்பர். வில்விசையால் இயங்கிய அப்பீரங்கி, ஓர் அங்குல நீளமுள்ள மரத்துண்டை எறியவல்லது. அதிலிருந்தே ஓர் ஆட்டம் பிறந்தது. கலைக்களஞ்சியத் தொகுதிகளும் மரக்கட்டைகளும் குன்றுகளும் வீடுகளுமாயின. காலாட்படை ஒரு முறைக்கு ஓரடியும் குதிரைப்படை ஈரடியும் நகரலாம். பிரஷ்யப் படையினர் 1824 முதல் வரைபடத்தின்மீது பயின்ற போராட்டத்திற் கவறு தீர்ப்பளித்தது; வெல்ஸின் களத்திலோ குறிபார்க்கும் கண்ணே தீர்ப்பளித்தது. விதிகளையெல்லாம் திரட்டி, 1913இல் 'சிறு போர்கள்' என்ற நூலாக அவர் வெளியிட்டார்.

போரை விளையாட்டாக்குதல் தகுமோ என்று ஆசிரியர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. வெல்ஸ் அந்நூலிலேயே அதற்கு விடை பகர்ந்திருக்கிறார். சிறு போரில் எவரும் விதவையாவதில்லை; வீழ்ந்த வீரன் மாலையிற் பெட்டிக்குள் திரும்புகிறான். மூன்று நான்கு முறை ஆடிப்பார்த்தவனுக்கு, உண்மைப் போர் எத்துணை தடுமாற்றமும் பிழையும் நிறைந்தது என்பது புலனாகும் என்பது அவர் துணிபு. தரையிலேயே இத்தனை குழப்பமெனில், உயிருள்ள மனிதரை வைத்து நடத்தும் களத்தில் என்னவாகும்?

இங்கேதான் அம்முரண்பாடு தலைகாட்டுகின்றது. மறு ஆண்டே, 1914இல், ஐரோப்பா பற்றியெரிந்தது. போரின் மடமையை உணர்ந்திருந்த அதே வெல்ஸ், அப்பெரும்போர் போர்களுக்கே முடிவு கட்டுமென நம்பி அதனை ஆதரித்து எழுதினார். 1918இல் ஜேர்மனிக்கு எதிரான பிரசாரப் பணியிலும் ஈடுபட்டார். அந்நம்பிக்கை பொய்த்தது. ஆயினும் அவர் ஓய்ந்திலர். நாடுகளின் கழகத்துக்காக வாதாடினார். 1920இல் நூலாய் வெளிவந்த உலக வரலாற்றில், தாம் சிறுவயதிற் பாவனை செய்த நெப்போலியனையே, கிடைத்தற்கரிய வாய்ப்பை வீணாக்கியவனென்று கடிந்துரைத்தார். 1940இல் மனித உரிமைகளை வலியுறுத்தி நூல் செய்தார்.

1914இல் தம் நாவலொன்றில் அவர் கற்பனை செய்த அணுகுண்டு, 1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாவில் உண்மையாயிற்று. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார்.

போரின் மடமையை அறிதல் வேறு. போர்முரசு கொட்டும் வேளையில் அவ்வறிவைக் கைவிடாதிருத்தல் வேறு. முன்னதை விளையாட்டுங் கற்பிக்கும். பின்னது வெல்ஸ் போன்ற பேரறிஞருக்கே அரிதாயிற்றெனின், நாம் நம் மாணவருக்கு எத்துணைப் பொறுமையோடு அதனைப் பயிற்றவேண்டும்!