செல்லுக்குள் செடியைக் கண்ட ஹாபர்லாண்ட்

திசு வளர்ப்பு வாழைக்கன்று உங்களுக்குப் புதிதல்ல. சிறு திசுவிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகள் எடுக்கும் இந்த முறைக்கு விதை போட்டவர் காட்லீப் ஹாபர்லாண்ட்.

1854-ல் ஹங்கேரியில் பிறந்தார். தந்தை ஃபிரெட்ரிக், ஐரோப்பாவில் சோயா சாகுபடியைப் பரப்ப முயன்ற வேளாண் பேராசிரியர். மகன் வியன்னாவில் தாவரவியல் படித்து, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியரானார். மக்காச்சோளம், கரும்பு இலைகளில் நரம்பைச் சுற்றி மாலைபோல் செல்கள் அமைந்திருக்கும். இத்தகைய அமைப்பை விளக்கியவர்களில் இவர் முக்கியமானவர்.

ஒவ்வொரு செல்லுக்கும் முழுச் செடியாகும் திறன் உண்டு என்று நம்பினார். இலைச் செல்களைத் தனியே பிரித்து, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கரைசலில் வைத்தார். அவை வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன, பெருத்தன, மாவுச்சத்தும் சேர்த்தன. ஆனால், ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. 1902-ல் இந்தத் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டார். தனிச் செல்லிலிருந்து ஒருநாள் கரு உருவாக்கலாம் என்றும் எழுதினார்.

ஏன் தோற்றார்? அவர் எடுத்தவை முதிர்ந்த செல்கள். ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும் அன்று கண்டறியப்படவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. உருளைக்கிழங்குத் துண்டுகளை ஆராய்ந்து, செல் பிரிவதற்குத் தூண்டுபொருள் தேவை என்று 1913-ல் காட்டினார். 1945 ஜனவரியில், 90 வயதில் மறைந்தார். கேரட் செல்களிலிருந்து கரு உருவானது 1958-ல்தான். 1968-ல் ஜப்பானில் நெல்லின் மகரந்தப்பையிலிருந்து நாற்று வந்தது.

தானியப் பயிர்களில் முதிர்ந்த இலைச் செல் எளிதில் பிரியாது. அதனால் முதிராத கரு, மகரந்தப்பை போன்றவற்றையே எடுக்கிறார்கள். அப்போதும் ரகத்துக்கு ரகம் பலன் மாறும். ஜப்பானின் கோஷிஹிகாரி நெல்லில் நாற்று எழுவது அரிது. கசாலத் நெல்லில் எளிது. இதற்குக் காரணமான மரபணு ஒன்று 2005-ல் தெரியவந்தது. தழைச்சத்து மாறும்போது உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சை அகற்றும் மரபணு அது. கோஷிஹிகாரியில் அதன் வேலை குறைவு. நச்சு தேங்கி நாற்று எழாது. கசாலத்தின் மரபணுவைச் சேர்த்ததும் கோஷிஹிகாரியிலும் நாற்று எழுந்தது.

ஒரே உரத்துக்கு எல்லா ரகமும் ஒரேபோல் விளையாது என்பது உங்கள் வயல் அனுபவம். ஆய்வகக் குடுவையிலும் நிலைமை அதுதான். திறன் எல்லாச் செல்லிலும் உண்டு. அதை எழுப்பும் வழியை ரகத்துக்கு ஏற்பத் தேட வேண்டும்.