தோற்றுப்போன இராமானுஜம்

ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மகன். இரண்டு கல்லூரிகளிலே படித்தும் தேறாதவர். மாதம் 30 ரூபாய்க்குச் சென்னைத் துறைமுக அலுவலகத்திலே கணக்கெழுதியவர். இவரைத்தான் இலண்டன் ராயல் சொசைட்டி 1918-ல் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஆம், தோழர்களே, கணித மேதை இராமானுஜத்தைத்தான் சொல்கிறோம்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டிலே பிறந்தார்; வளர்ந்தது கும்பகோணம். அங்குள்ள டவுன் உயர்நிலைப் பள்ளியிலே 1200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் பொருத்திக் கால அட்டவணை போடும் வேலை, பெரியவர்களுக்கே தலைசுற்றும் வேலை, இந்தப் பையனிடம் வந்தது. பள்ளியின் திட்டத்தையே வகுத்துக் கொடுத்த மாணவன்!

1903-ல் கார் என்பவர் தொகுத்த நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5000 முடிவுகள், விளக்கமோ சொற்பம். ஊர்ப் பெயரை எழுதிவிட்டு வழியைச் சொல்லாத கைகாட்டி போன்ற புத்தகம். வழியை அவரே வெட்டிக்கொண்டார். நாமகிரித் தாயார் கனவிலே சொன்னாள் என்பார்கள். அவரும் அப்படியே நம்பினார். அதிலே வழக்காட நாம் வரவில்லை. ஆனால் கனவு காண்போர் கோடி; காகிதம் வாங்கக் காசின்றிச் சிலேட்டிலே போட்டு, முழங்கையாலே அழித்து, முடிவை மட்டும் நோட்டிலே குறித்து, இரவு பகலாய் உழைத்தவர் எத்தனை பேர்?

1904-ல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிலே சேர்ந்தார். கணக்கிலே மூழ்கினார், ஆங்கிலத்திலே தவறினார், சம்பளம் பறிபோனது. 1905-ல் வீட்டை விட்டே விசாகப்பட்டினம் ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906-ல் எப்.ஏ. தேர்விலே தோல்வி, 1907-ல் மறுபடியும் தோல்வி.

கீரனூருக்குப் பேசப் போயிருந்தபோது, கொத்து வேலை செய்யும் தோழர் ஒருவர், பையனுக்குக் கணக்கு வரவில்லை, பள்ளியை நிறுத்திவிடலாமா என்று நம்மிடம் கேட்டார். கணக்கு ஒன்றே வந்தவரை வெளியே தள்ளிய அதே சல்லடைதான், கணக்கு ஒன்று வராத பிள்ளையையும் தள்ளப் பார்க்கிறது! ஒரு சட்டி சிமென்டுக்கு ஆறு சட்டி மணல் என்று தகப்பன் கலக்கிறாரே, அது விகிதம் அல்லவா? அதைப் பாடமாக்க எத்தனை வகுப்பிலே முயன்றார்கள்? எட்டாம் வகுப்பிலே பின்னம் புரியாதவன் தலையிலே ஒன்பதாம் வகுப்பிலே இயற்கணிதத்தை ஏற்றுகிறார்கள். பாடத்தை முடிக்கத் திட்டம் இருக்கிறது. பின்தங்கியவனுக்காகத் திரும்பிப் போக வாரத்திலே ஒரு பீரியட் ஒதுக்கத் திட்டம் இருக்கிறதா? நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

திட்டமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வழிகாட்ட ஆளின்றி, ஐரோப்பாவிலே எப்போதோ கண்டறியப்பட்டவற்றையே மீண்டும் கண்டறிவதிலே இராமானுஜத்தின் இளமை எவ்வளவோ கழிந்தது. நல்ல ஆசிரியரும் நல்ல நூலகமும் பதினாறு வயதிலே வாய்த்திருந்தால்?

1912-ல் துறைமுக வேலை. 1913 ஜனவரியிலே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகுதான் நம்மவர்களுக்குக் கண் திறந்தது! அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி தந்தது. விதி வளைந்தது, வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. 1914-ல் கப்பலேறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம். நோயோடு 1919-ல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் மறைந்தார்; வயது 32.

அவர் விட்டுச் சென்ற நோட்டுகளை 1957-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கையெழுத்துப் படியாகவே அச்சிட்டது. அவற்றின் முடிவுகளுக்கு நிறுவல்களைத் திரட்டி, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை 5 தொகுதிகள் வெளியிட்டார்.