குட்டைக் கோதுமைக்கு வழிவகுத்த சி. சுப்பிரமணியம்

புது தில்லி: நெல் விளையும் கொங்கு மண்ணில் பிறந்த ஒருவர், வட இந்தியாவின் கோதுமை வயல்களை மாற்றியமைத்தார். அதன் பலன் அறுவடைக்கு வந்தபோது அவர் அமைச்சராகவும் இல்லை. மக்களவை உறுப்பினராகவும் இல்லை.

பொள்ளாச்சிக்கு அருகேயுள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30-ல் பிறந்தவர் சி. சுப்பிரமணியம். சட்டம் பயின்ற அவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். ராஜாஜி, காமராஜர் அமைச்சரவைகளில் 1952 முதல் பத்தாண்டுகள் பணியாற்றிய பின், 1962-ல் மக்களவைக்குத் தேர்வாகி மத்திய அமைச்சரானார்.

1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண்மைத் துறையை ஒப்படைத்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்தே நாடு பசியாறிய காலம் அது. அத்துறையைப் பலரும் அரசியல் படுகுழியாகவே கருதினர்.

விளைச்சல் பெருகாததற்குக் கோதுமையின் தண்டே பெருந்தடையாக இருந்தது. உள்நாட்டு ரகங்கள் நெடிது வளர்பவை. உரமிட்டால் கதிர் கனக்கும். மெலிந்த தண்டு அதைத் தாங்காமல் பயிர் தரையில் சாயும். உரம் கூடக்கூட இழப்பும் கூடியது.

இதற்குத் தீர்வு ஜப்பானின் நோரின் 10 என்னும் குட்டை ரகத்தில் இருந்தது. அதிலுள்ள இரு மரபணுக்கள், பயிரை உயரச் செய்யும் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியின் தூண்டுதலைத் தணிக்கின்றன. தண்டு குறுகுவதால் பயிர் சாய்வதில்லை. தண்டுக்குச் செல்லும் சத்தில் ஒரு பகுதி மணிகளுக்குச் சேர்கிறது. இம்மரபணுக்களைக் கொண்டு மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய ரகங்களை, எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இந்திய வயல்களில் சோதித்து வந்தனர்.

அவ்விதைகளைப் பெருமளவில் இறக்குமதி செய்ய சுப்பிரமணியம் முனைந்தபோது எதிர்ப்பு வலுத்தது. உரத்துக்கு அன்னியச் செலாவணியைச் செலவிடுவதை நிதியமைச்சகம் விரும்பவில்லை. அமெரிக்காவுக்குப் பணிவதாக இடதுசாரிகள் சாடினர். அவரோ விவசாயிகளின் நிலங்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் அமைக்கச் செய்தார். தில்லியில் தமது அரசு இல்லத்தின் புல்வெளியையும் உழுது கோதுமை விதைத்தார். விளைபொருளுக்கு நியாய விலை கிடைக்க வேளாண் விலை ஆணையமும், கொள்முதலுக்கு இந்திய உணவுக் கழகமும் 1965-ல் உருவாயின. இந்தித் திணிப்புக்கு எதிராக அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் ராஜிநாமா கடிதம் அளித்தார். எனினும், அது ஏற்கப்படாததால் பதவியில் நீடித்தார்.

வறட்சி வாட்டிய 1966-ல், இந்திரா காந்தி ஆட்சியில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்திறங்கியது. மறு ஆண்டுத் தேர்தலில் சுப்பிரமணியம் தோல்வியடைந்தார். ஆனால் வயல்கள் அவரைப் பொய்யாக்கவில்லை. 1964-65-ல் சுமார் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி, 1967-68-ல் சுமார் 1.65 கோடி டன்னை எட்டியது.

1971-ல் மக்களவைக்குத் திரும்பிய அவர், பின்னர் நிதி, பாதுகாப்புத் துறைகளை நிர்வகித்தார்; மகாராஷ்டிர ஆளுநராகவும் பணியாற்றினார். 1998-ல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 2000 நவம்பர் 7-ல் சென்னையில் மறைந்தார்.

அம்மாற்றத்துக்கு விலையும் உண்டு. பஞ்சாபில் நிலத்தடி நீர் சரிந்துள்ளது. குட்டை மரபணுக்கள் முளைக்குருத்தின் நீளத்தையும் குறைப்பதால், ஈரம் தேடி ஆழமாக விதைத்தால் நாற்று மண்ணைக் கீறி மேலெழத் திணறுகிறது. இக்குறை இல்லாத மாற்று மரபணுக்களைப் புனே விஞ்ஞானிகள் உள்ளிட்டோர் ஆராய்ந்து வருகின்றனர். ஆயினும், கப்பலை எதிர்நோக்கிக் காத்திருந்த நாடு தன் களஞ்சியத்தைத் தானே நிரப்பத் தொடங்கியதில், தேர்தலில் தோற்ற அந்த அமைச்சரின் துணிவுக்குப் பெரும் பங்குண்டு.