துபாஷி ஆனந்தரங்கர்

வீட்டில் தமிழும் தெருவில் வேறொரு மொழியும் பேசி வளரும் உங்களுக்கு ஒரு வேலை அடிக்கடி வந்து சேர்வதுண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையில் நின்று, ஒருவர் சொல்வதை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் வேலைதான் அது. சொல் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் அவ்வேலையையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தவர் ஆனந்தரங்கர். ஆனால் அவர் நின்றது இரண்டு வீடுகளுக்கு நடுவில் அன்று. உலகின் கடல்களுக்காகப் போட்டியிட்ட வல்லரசுகளுக்கும், அவற்றை நம்பவும் இயலாமல் விலக்கவும் இயலாமல் தவித்த இந்திய அரசர்களுக்கும் நடுவில்.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். உறவினரான நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். இரு மொழி அறிந்தவர் என்பதே துபாஷி என்னும் சொல்லின் பொருள். ஆயினும் அப்பதவி மொழிபெயர்ப்போடு நிற்பதன்று. துணி கொள்முதல், கடன், அரசர்களுக்கு அனுப்பும் பரிசு, ஒற்றர் கொண்டுவரும் செய்தி எல்லாம் துபாஷியின் கை வழியே சென்றன. அதனால் பகையும் மிகுதி. நைனியப் பிள்ளை குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலேயே 1717இல் மாண்டார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது எட்டு. அதே பதவிதான் பின்னாளில் அவரைத் தேடி வந்தது.

இளமையில் அவர் பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் வணிகத்தைக் கவனித்தார். சொந்தமாகப் பாக்குக் கிடங்கும் வைத்திருந்தார். ஆனந்தப் புரவி என்னும் கப்பல் ஒன்றும் அவருக்கு இருந்தது. 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். துறைமுகத்துக்கு வந்த கப்பல், சந்தை விலை, ஊர்ச்சண்டை, ஆளுநரின் முகக்குறிப்பு என எதையும் விடாமல் அன்றைய பேச்சுத் தமிழிலேயே எழுதினார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் அப்பழக்கம் தொடர்ந்தது.

1742இல் தூப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். ஈராண்டுக்குள் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் நேரடிப் போரில் இறங்கின. ஆஸ்திரியாவின் அரியணை யாருக்கு என்பதில் தொடங்கிய போர் அது. சோழமண்டலக் கரையில் நெசவாளரிடம் துணி வாங்கிக்கொண்டிருந்த இரு கம்பெனிகளுக்கும் அவ்வரியணையோடு என்ன தொடர்பு? தொடர்பு இல்லைதான், ஆனால் கப்பல்களில் பறந்த கொடிகளுக்கு இருந்தது. தூப்ளே முதலில் இங்கே அமைதி காக்கவே விரும்பினார். ஆங்கிலக் கடற்படையோ பிரெஞ்சு வணிகக் கப்பல்களைக் கைப்பற்றத் தொடங்கியது. தூப்ளே ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன்கானிடம் முறையிட்டார். தம் ஆட்சிப்பகுதியில் போர் கூடாதென நவாப் ஆங்கிலேயரைத் தடுத்தார். புதுச்சேரி அன்று பிழைத்தது அத்தடையால்தான்.

மறு ஆண்டு காற்று மாறி அடித்தது. 1746 செப்டம்பரில் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னைப்பட்டினத்தைப் பிடித்தது. இப்போது நவாபிடம் ஓடியவர்கள் ஆங்கிலேயர். நவாபின் சினத்தைத் தணிக்க, பிடித்த ஊரை அவரிடமே ஒப்படைப்பதாகத் தூப்ளே வாக்களித்தார். வாக்கு நிறைவேறவில்லை. நவாப் தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சு வீரரும் அவர்களிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்களும் அப்பெரும்படையைச் சிதறடித்தனர்.

வரலாற்று நூல்கள் அவ்வெற்றியைத்தான் பெரிதாக எழுதுகின்றன. நாம் கவனிக்க வேண்டியது வாக்கை. முந்திய ஆண்டு தம்மைக் காத்த நட்பைத் தூப்ளே ஓர் ஊருக்காகச் செலவழித்துவிட்டார். அதன்பின் நவாபின் நட்பு அலைபோல ஆடியது. 1747 தொடக்கத்தில் மாபூஸ்கானே புதுச்சேரிக்கு வந்து விருந்தும் பரிசும் பெற்று உறவு புதுப்பித்தார். ஆங்கிலக் கடற்படை வலுத்ததும் நவாப் மீண்டும் அவர்கள் பக்கம் சாய்ந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மடல்கள் எழுதப்பட வேண்டும். நேற்றுப் பகைவர் என்றவரை இன்று நண்பர் என்று விளிக்க வேண்டும். நவாபின் அரசவை மொழி பாரசீகம், ஆளுநருடையது பிரெஞ்சு, நடுவில் இருந்தவருடையது தமிழ். தலைமைத் துபாஷி கனகராய முதலி 1746இல் இறந்தபின் இப்பொறுப்புகள் ஆனந்தரங்கரை வந்தடைந்தன. 1747இல் பதவியும் முறைப்படி கிடைத்தது.

1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினர். அதே ஆண்டு ஐரோப்பாவில் எக்ஸ்-லா-சப்பேல் என்னும் ஊரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வட அமெரிக்காவின் குளிர் மிகுந்த தீவொன்றில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர் கோட்டை பிரான்சுக்குத் திரும்பியது. அதற்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயரிடம் சென்றது. இரண்டு ஊர்களிலும் வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. செய்தி கப்பலேறி இங்கு வந்து சேரவே பல மாதங்கள் ஆயின.

உடன்படிக்கைக்குப் பின் இரு கம்பெனிகளும் தாளில் நண்பர்கள். போர் மட்டும் நிற்கவில்லை; பெயர் மாறியது. ஆர்க்காட்டு அரியணைக்குச் சந்தாசாகிபைப் பிரெஞ்சுக்காரரும், அன்வருதீன்கானின் மகன் முகம்மது அலியை ஆங்கிலேயரும் தாங்கினர். 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன்கான் மாண்டார். பிரெஞ்சு உதவியால் எழுச்சி பெற்ற முசபர்சங் ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சுபேதார் பட்டம் வழங்கினார். ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கில் செல்லும் உரிமையும் ஆனந்தரங்கருக்கு உண்டு. புதுச்சேரியின் செல்வாக்கு உச்சியில் இருந்த காலம் அது.

உச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1751இல் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். அடுத்த ஆண்டு சந்தாசாகிபு கொல்லப்பட்டார். திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகம்மது அலி கூறியதை நம்பி மைசூர் அரசு ஆங்கிலேயர் அணியில் சேர்ந்திருந்தது. ஊர் கிடைக்காதென்று தெரிந்ததும் பிரெஞ்சு அணிக்குப் போயிற்று. சென்னையைப் பற்றித் தூப்ளே செய்ததைத் திருச்சியைப் பற்றி முகம்மது அலி செய்தார் என்று சொல்லலாம்.

நாட்குறிப்பைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. ஆனந்தரங்கர் நடுநிலையாளர் அல்லர். தூப்ளேயின் ஆற்றலை வியந்து எழுதியவர். அவருடைய செழிப்பும் பிரெஞ்சுக் கொடியோடு கட்டப்பட்டிருந்தது. ஆனால் கட்டியிருந்த கயிறு உறுதியானதன்று. தூப்ளேயின் மனைவி ழான் அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். அரசியல் மடல்களிலும் ஒற்றுச் செய்திகளிலும் அவர் தாமே தலையிட்டதால் துபாஷியின் செல்வாக்குக் குறைந்தது. அம்மனத்தாங்கலை வெளியில் சொல்ல வழியில்லை. அவர் அதை நாட்குறிப்பிடம் சொன்னார்.

1754இல் பாரிசிலிருந்த மேலிடம் தூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டது. புதிதாக வந்த கொதே ஆங்கிலேயருடன் போர்நிறுத்தம் செய்தார். 1756இல் ஐரோப்பாவின் அணிகளே தலைகீழாயின. முந்திய போரில் பிரான்சின் பகைவராயிருந்த ஆஸ்திரியா இப்போது அதன் துணை. துணையாயிருந்த பிரஷ்யா இங்கிலாந்தின் பக்கம். துணைவர்கள் இடம் மாறினர். இங்கிலாந்தும் பிரான்சும் மாறாமல் எதிரெதிரே நின்றன. அதனால் சோழமண்டலக் கரைக்கு அணிமாற்றம் எந்த ஆறுதலும் தரவில்லை. அதே ஆண்டில் ஆனந்தரங்கர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

1758இல் லாலி பெரும்படையுடன் வந்து இறங்கினார். கடலூரை அடுத்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார். சென்னையை முற்றுகையிட்டுப் பிடிக்க இயலாமல் மீண்டார். 1760 சனவரியில் வந்தவாசியில் தோற்றார். பின்னர்ப் புதுச்சேரி நிலத்திலும் கடலிலும் வளைக்கப்பட்டது. ஊருக்குள் பஞ்சம் புகுந்தது. உடல் நலிந்திருந்த ஆனந்தரங்கர் 1761 சனவரி 12ஆம் நாள் காலமானார். நான்கு நாள் கழித்து, 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையையும் மாளிகைகளையும் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். 1763இல் பாரிசில் மற்றோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி இடிபாடுகள் பிரான்சுக்கே திரும்பின.

நாட்குறிப்பு ஏடுகள் 85 ஆண்டுகள் குடும்பத்தாரிடம் உறங்கின. 1846இல் கலுவா மொம்பிரேன் அவற்றைக் கண்டு படியெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் 12 தொகுதிகளாக வெளியிட்டது. ஆனந்தரங்கரின் வீடு இன்றும் புதுச்சேரியில் உள்ளது. கீழ்த்தளம் தமிழர் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் கட்டப்பட்டிருப்பதை அங்குச் செல்வோர் காணலாம்.